முதற்படி மருத்துவத்தில் ஆராய்ச்சி: செலவை ஏற்பவர் யார்?

பதினாறு வயது நிரம்பிய ஆயிரம் பேரை எண்ணிக் கொள்வோம். ஒரு மாத காலத்தில் அவர்களுள் எத்தனை பேருக்கு நோயோ காயமோ நேரும்? அமெரிக்க நாட்டு மருத்துவ அறிஞர் கெர் ஒயிட் என்பவரும் அவருடன் பணி செய்த இருவரும் 1961-ஆம் ஆண்டில் இக்கேள்விக்கு ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிடைத்த புள்ளி விவரங்களைக் கொண்டு அவர்கள் கண்டது இது: 750 பேருக்கு ஏதேனும் ஓர் உடற்கோளாறு நேர்கிறது. அவர்களுள் 250 பேர் மருத்துவரை நாடுகிறார்கள். 9 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார்கள். 5 பேரை அவர்களுடைய மருத்துவர் வேறொரு மருத்துவரிடம் அனுப்பி வைக்கிறார். ஒரே ஒருவர்தான் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பெரிய மருத்துவமனைக்குச் சென்று சேருகிறார்.

மருத்துவ நூல்களில் பெரும்பகுதி அந்த ஒருவரை வைத்தே எழுதப்படுகிறது. மாணவர்கள் பயிலுவதும் அவரைப் பார்த்துத்தான். ஆராய்ச்சிப் பணம் செல்லும் திசையும் அதுதான். எஞ்சிய 749 பேர் என்ன ஆனார்கள், எதனால் நோயுற்றார்கள், மருத்துவரிடம் போகாத 500 பேர் ஏன் போகவில்லை என்று கேட்பதற்கு ஆட்களும் குறைவு, நிதியும் குறைவு. இந்த 749 பேருக்கு ஊரிலேயே கிடைக்கும் சிகிச்சையைத்தான் முதற்படி மருத்துவம் என்கிறோம். நம் நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையம், துணை நிலையம், ஊர் மருத்துவரின் அறை ஆகியவையே அதன் இருப்பிடங்கள். தறியில் அமர்ந்தவரும் ஏர் பிடித்தவரும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் நிற்கிறார்கள். ஆகவே இப்படியைப் பற்றிய ஆராய்ச்சியில் என்ன நடக்கிறது, அதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதில் நம் சங்கங்களுக்கு இடமுண்டா என்பதை அங்கத்தினர்கள் முன் வைப்பது பொருத்தம் என்று கருதுகிறோம்.

சங்கங்களை ஆய்வு செய்யச் செல்லும்போது தவணை தவறிய கடன்களின் பட்டியலைப் பார்ப்பது நம் கடமை. ஏன் தவறியது என்று கேட்டால் மழை பொய்த்தது என்பார்கள், சரக்குத் தேங்கிற்று என்பார்கள். இவ்விரண்டுக்கும் அடுத்தபடி நம் காதில் விழும் காரணம் "வீட்டில் உடம்புக்கு முடியவில்லை" என்பதாகும். மழைக்கும் சரக்குக்கும் பதிவேட்டில் இடம் உண்டு, உடம்புக்கு இல்லை.

ஜப்பானில் ஓர் உழவர் மருத்துவமனை

கூட்டுறவுக்கும் நோயாராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஜப்பான் நாட்டின் நாகானோ மாகாணத்தைக் காட்டலாம். மலைகள் சூழ்ந்த குளிர்ப் பிரதேசம். அங்கே சாகு பகுதியில், உசுதா என்னும் ஊரில், உழவர்களின் அமைப்பு 1944-இல் ஒரு சிறு மருத்துவமனையைத் தோற்றுவித்தது; படுக்கைகள் இருபது. அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தில் அங்கு வந்து சேர்ந்தார் தோஷிகாசு வகாட்சுகி என்னும் அறுவை மருத்துவர். தோக்கியோ பல்கலைக் கழகத்தில் பயின்றவர். தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்ததற்காகப் போர்க்கால அரசாங்கத்தினால் காவலில் வைக்கப்பட்டு வெளி வந்தவர். 1946-இல் அவரே அம்மருத்துவமனையின் தலைவரானார்.

அவர் முதலில் கவனித்தது, நோயாளிகள் மிகவும் காலங் கடந்து வருகிறார்கள் என்பதே. காரணம் தேடி அவரும் துணையாளர்களும் மூட்டை முடிச்சுகளுடன் கிராமம் கிராமமாகச் சென்றார்கள். பகலில் சிகிச்சை, மாலையில் நாடகம். நாடகங்களை வகாட்சுகியே எழுதினார். சொற்பொழிவு செய்தால் உறங்கிப் போகும் உழவர்கள் நாடகத்தை விழித்திருந்து பார்த்தார்கள் போலும்! (நம் ஊர்களில் கூத்துக்கு வருகிற கூட்டம் சங்கப் பேரவைக்கு வருவதில்லை என்பதை இங்கே நினைத்துக் கொள்கிறோம்.)

கிராமங்களில் அவர் கண்ட நோய்களை இரு வகையாகப் பிரித்தார். ஒன்று, தனக்கு நோய் இருப்பதை அறிந்தும் பணத்துக்கும் வேலை நாளுக்கும் அஞ்சிப் பொறுத்துக் கொண்டிருப்பது. மற்றொன்று, இருப்பதையே அறியாதிருப்பது. மருத்துவமனையின் வாயிலில் அமர்ந்து வருபவரை மட்டும் எண்ணினால் இவ்விரண்டும் கணக்கில் வாரா. நம் நெசவாளர் தெருக்களில் முதல் வகை எவ்வளவு மலிந்திருக்கிறது என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டுவதில்லை.

உழவர்களிடம் ஒருசேரக் காணப்பட்ட தோள் இறுக்கம், இடுப்பு வலி, கை கால் மரத்துப் போதல், இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், மூச்சு வாங்குதல், உறக்கமின்மை, தலை சுற்றல், வயிற்றுப் பொருமல் ஆகியவற்றை அவர் தனித்தனியே விட்டுவிடாமல், உழவுத் தொழிலுடன் சேர்ந்த ஒரு நோய்த் தொகுதியாக வைத்து ஆராய்ந்தார். குளிர்ந்த வீடுகள், குடற்புழுக்கள், பூச்சி மருந்து நஞ்சு ஆகியவையும் அவருடைய ஆராய்ச்சிப் பொருள்களாயின. நகரத்து ஆசிரியர்கள் இவற்றை ஆராய்ச்சிக்கு உரிய பொருள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். 1952-இல் ஜப்பானிய ஊரக மருத்துவச் சங்கம் தோன்றியதும், 1963-இல் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் உண்டானதும் இந்த முயற்சியின் தொடர்ச்சியாகும்.

இவை யாவினும் நம் கவனத்துக்கு உரியது யாச்சிஹோ என்னும் கிராமம். 1959-ஆம் ஆண்டு முதல் அந்த ஊரார் அனைவரையும் ஆண்டுதோறும் சோதித்துப் பார்க்கும் ஏற்பாடு அங்கே தொடங்கிற்று. ஒவ்வொருவருக்கும் கையில் ஓர் உடல்நலக் குறிப்பேடு. அதே விவரம் அடங்கிய பேரேடு ஒன்று பொது இடத்தில். ஊராரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்ட சுகாதார வழிகாட்டிகள் வீடு வீடாகச் சென்று மக்களை அழைத்து வந்தார்கள். மருத்துவமனையும் கிராம நிர்வாகமும் கூடிச் செய்த வேலை இது. ஆண்டுக்கு ஆண்டு சேர்ந்த அந்தப் பேரேடே ஆராய்ச்சிக்கு மூலப்பொருளாயிற்று. 1983-இல் ஜப்பான் நாடு முழுவதற்கும் நடைமுறைக்கு வந்த முதியோர் உடல்நலச் சட்டத்தின் சோதனை ஏற்பாடுகளுக்கு யாச்சிஹோவின் அனுபவம் ஒரு முன்மாதிரி என்று கொள்ளப்படுகிறது. வகாட்சுகிக்கு 1976-இல் மகசேசே விருது கிடைத்தது. அவர் 2006-இல் காலமானார். இருபது படுக்கையில் தொடங்கிய அந்த மருத்துவமனை இன்று மிகப் பெரிய நிலையமாக, உழவர் கூட்டுறவின் உடைமையாகவே, இயங்கி வருகிறது.

அங்கே கேள்வியைக் கேட்டவர் நோயாளிகளின் நடுவிலேயே இருந்தார். செலவை ஏற்றவர்களும் அவர்களே. ஆகவே என்ன ஆராய்வது என்பதைத் தொலைவில் இருந்த ஒரு நிதிக் குழு முடிவு செய்யவில்லை.

சென்னையில் தொடங்கிய ஒரு சோதனை

நிற்க. முதற்படி மருத்துவ ஆராய்ச்சியில் உலகத்தையே திருப்பிய ஒரு சோதனை நம் சென்னையில் நடந்தது என்பதை நம்மவரிற் பலர் அறியார். காசநோய்க்கு அக்காலத்தில் சானடோரியமே கதி. நல்ல காற்று, நல்ல உணவு, மாதக் கணக்கில் ஓய்வு ஆகிய மூன்றும் இன்றி நோய் தீராது என்பது பரவிய நம்பிக்கை. நோயாளிகளின் தொகைக்கோ படுக்கைகள் போதவில்லை. அந்நிலையில் 1956-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் தொடங்கப் பெற்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசாங்கம், உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நால்வரும் அதற்குத் துணை நின்றார்கள். ஐந்தாண்டுத் திட்டமாகவே முதலில் கருதப்பட்டது. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் தொடக்கப் பணியை நடத்தினார்.

நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைச் சீட்டுப் போட்டாற்போல் இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானடோரியம் சென்றார்கள். மற்றவர்கள் தங்கள் குடிசையிலேயே இருந்து மருந்து உண்டார்கள். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக் காலம். வீட்டில் இருந்தவர்களுக்கு உணவு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் இல்லை. ஆயினும் அவர்கள் குணமடைந்த விகிதம் சானடோரியத்தாரின் விகிதத்துக்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. அவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் இம்முடிவு வெளியான பின்னர் உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்தது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் விளங்குவது அந்நிலையமே.

இதிலிருந்து பலர் வேறொரு முடிவையும் எடுத்துக் கொண்டார்கள்: மருந்து போதும், உணவு அவ்வளவு முக்கியமன்று என்று. சோதனை அவ்வாறு சொல்லவில்லை. மருந்து உண்டவர் உடலில் கிருமி ஒழிந்ததா என்பதையே அது முதன்மையாகப் பார்த்தது. யாருக்கு நோய் வருகிறது, வந்தவர்களில் யார் இறக்கிறார்கள் என்பவை வேறு கேள்விகள். அவற்றுக்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்த விடை ஜார்க்கண்டு மாநிலத்திலிருந்து வந்தது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்த, நம் சென்னை நிறுவனமும் உடனிருக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நிதியில் நான்கு மாவட்டங்களில் ஒரு பெரிய சோதனை நடந்தது. 2019-இல் தொடங்கி 2022 வரை நீடித்தது. 2,800 காசநோயாளிகள், அவர்கள் வீட்டில் உடன் வாழும் 10,345 பேர். நோயாளிகளில் ஐவருக்கு நால்வருக்கு மேல் உடல் மெலிந்தவர்கள். நோயாளிகள் எல்லாருக்கும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுக்கப்பட்டன. குடும்பத்தாரை மட்டும் இரு பகுதியாக்கி, ஒரு பகுதியில் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை எனக் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றக்கூடிய நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளிடையே, முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து விழுக்காடு கூடியவர்களுக்கு இறக்கும் அபாயம் 61 விழுக்காடு குறைவாக இருந்தது. 2023 ஆகஸ்டில் இம்முடிவுகள் பிரசுரமாயின.

அரிசியும் பருப்பும்! பயிரிடுகிற அங்கத்தினர்கள் இதை ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். புது மருந்தும் புது யந்திரமும் கண்ட செய்திகளைப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிடுகின்றன. நம் களஞ்சியத்தில் கிடப்பதே நோய்த் தடுப்பு மருந்து என்று மெய்ப்பித்த செய்திக்கு அவ்வளவு இடம் கிடைத்ததாக நாம் காணவில்லை. காசநோயாளிகளுக்கு மத்திய அரசாங்கம் உணவுக்கென 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கி வந்தது. 2024 நவம்பர் முதல் அதனை 1,000 ரூபாயாக உயர்த்தியது. குடும்பத்தில் உள்ள மற்றவர்களின் உணவைப் பற்றிய கேள்வி ஒவ்வொரு மாநிலத்திலும் தொடர்ந்து எழுப்பப்பட வேண்டியதாகவே இருக்கிறது.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நோய் கண்டறியப்பட்டவுடன் ஒவ்வொருவருக்கும் எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சு வேகம், இரத்தத்தில் பிராண வாயுவின் அளவு, பிறர் உதவியின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்த்து, கடுமையானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது அதன் முறை. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் அரசாங்கத்துடன் சேர்ந்து அதனை நடத்துகிறது. வேண்டிய கருவிகள் எடை யந்திரமும் விரலில் மாட்டும் சிறு கருவியும்தான். ஊர்ச் சுகாதார நிலையத்துச் செவிலியரே செய்யக்கூடிய வேலை.

வெள்ளெழுத்து

நெசவாளர்களுக்கு நேரே பயன்படும் ஓர் ஆராய்ச்சியைக் கூறாமல் மேலே செல்ல இயலாது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அருகில் உள்ள பொருள் மங்கித் தெரிவதை வெள்ளெழுத்து என்கிறோம். அது நோயன்று, மூப்பின் இயல்பு. அறுந்த இழையை எடுத்து முடிபவருக்கும், விழுதில் நூல் கோப்பவருக்கும் அதுவே பிழைப்பைக் கெடுக்கும். அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. ஒரு பகுதியினருக்கு விலை மலிந்த மூக்குக் கண்ணாடி உடனே கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்குச் சோதனை முடிந்த பின். ஒரு நாளில் பறிக்கும் இலையின் எடையை நிறுத்துப் பார்த்ததில், கண்ணாடி அணிந்தவர்களின் உழைப்புப் பயன் மற்றவர்களை விட ஏறத்தாழ 22 விழுக்காடு மிகுந்தது. 2018-இல் இது வெளியாயிற்று. செலவை ஏற்றது ஒரு தனியார் அறநிதி.

தேயிலைத் தோட்டத்தில் ஒவ்வொருவர் பறித்ததும் அன்றன்று நிறுத்து எழுதப்படுகிறது. அதனால்தான் அச்சோதனை எளிதாயிற்று. நம் நெசவாளர் சங்கங்களில் என்ன குறை? பாவும் ஊடையும் கொடுத்த தேதி, துணி திரும்பி வந்த தேதி, கூலி கொடுத்த தொகை யாவும் பதிவேட்டில் இருக்கின்றன. பத்து நாளில் ஒப்படைத்து வந்த ஒருவர் பதினாறு நாள் எடுத்துக் கொள்ளத் தொடங்கினால் அது கணக்கில் தெரிந்துவிடும். கண்ணா, முழங்காலா, இடுப்பா என்பதை மட்டும் எவரும் கேட்பதில்லை. குழித்தறியில் அமர்ந்து மிதிக்கும் ஒருவரின் கால்களுக்கு இருபது ஆண்டில் என்ன நேருகிறது என்பதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை. அங்கத்தினர் பதிவேடும் நாலு கேள்விகளும் ஒரு கவனமுள்ள மருத்துவரும் போதும். யாச்சிஹோ கிராமத்தார் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்த பேரேட்டில் பாதி நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது.

நிதி எங்கே இருக்கிறது?

பழைய மூலத்திலிருந்து தொடங்குவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1911-இல் வேறு பெயரில் தோன்றி 1949-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தன் சொந்த நிறுவனங்களை நடத்துவதோடு, வெளியில் உள்ள மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் விண்ணப்பத்தின் பேரில் சிறு நல்கையும் இடைநிலை நல்கையும் வழங்குகிறது. தொழில் வழி வரும் நோய்களுக்கென ஆமதாபாதில் 1966 முதல் அதற்கு ஒரு நிறுவனம் இருந்து வருகிறது. தென்னாட்டுக்குப் பெங்களூரில் அதன் கிளை. இதுவன்றி, மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு 1979 முதல் இரண்டு மாத ஆராய்ச்சி உதவிச் சம்பளம் ஒன்றும் உண்டு. இது சிறு தொகைதான். ஆனால் நம் நோக்கத்துக்கு இதுவே மிகவும் இசைந்தது என்பது நம் எண்ணம். இரண்டு மாதத்தில் ஒரு மாணவி ஒரு நெசவாளர் சங்கத்து அங்கத்தினர்கள் அனைவரின் கண்ணையும் பார்த்து எழுதி முடிக்கலாம். முதுகலை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். சமூக மருத்துவத் துறையில் பொருள் தேடி அலைபவர்கள் பலர்.

இந்திய அரசாங்கத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டன் வெல்கம் அறநிதியும் கூடி 2008-இல் ஏற்படுத்திய திட்டத்தில், பொதுச் சுகாதார ஆராய்ச்சியாளர்களுக்குப் பல ஆண்டுகள் நீடிக்கும் உதவி கிடைக்கிறது. 2023-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் உருவாயிற்று. ஐந்தாண்டில் 50,000 கோடி ரூபாய் என்று அதற்கு இலக்கு வைத்தார்கள். அதிற் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. தனியார் பணம் தறிமேடை வரை வருமா என்பதில் நமக்கு ஐயம் உண்டு. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நூற்பாலைகள் நிறைந்த மாவட்டங்களில் உள்ள சங்கங்கள் இதை நினைவில் வைப்பது நலம்.

வெளி நாட்டு நடைமுறையில் ஒன்றை மட்டும் சுட்டுகிறோம். இங்கிலாந்து 2006-இல் தேசிய உடல்நல ஆராய்ச்சிக் கழகத்தை நிறுவியபோதே முதற்படி மருத்துவத்துக்கென ஒரு தனி ஆராய்ச்சிப் பள்ளியையும் ஏற்படுத்திற்று. பல்கலைக் கழகங்களின் முதற்படி மருத்துவத் துறைகள் அதில் ஒன்று சேர்ந்திருக்கின்றன. நிதியில் தனிப் பங்கு ஒதுக்காவிடில் பெரிய மருத்துவமனைகளே யாவற்றையும் வாங்கிக் கொள்ளும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். நம் நாட்டிலும் அத்தகைய தனி ஒதுக்கீடு கேட்கப்பட வேண்டியதே.

கூட்டுறவுப் பணமே இதற்குப் பயன்பட்ட எடுத்துக்காட்டுகள் அண்டை மாநிலத்தில் உண்டு. கர்நாடகத்தில் அன்றைய கோலார் மாவட்டத்து மள்ளூரில், பெங்களூர் செயின்ட் ஜான் மருத்துவக் கல்லூரியின் துணையுடன் 1973-இல் ஒரு சுகாதாரக் கூட்டுறவு தொடங்கிற்று. பால் உற்பத்தியாளர் சங்கம் தன் வருவாயிலிருந்து அதற்குப் பணம் கொடுத்தது. அதே மாநிலத்தில் 2003-இல் கூட்டுறவு அங்கத்தினர்களுக்கென நடைமுறைக்கு வந்த யசஸ்வினித் திட்டம் ஆளுக்கு ஆண்டுக்கு 60 ரூபாயில் தொடங்கிற்று. 2018-இல் வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டு, 2022-இல் மீண்டும் உயிர் பெற்றது. அதன் பெருமையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது தோன்றியது அறுவைச் சிகிச்சைக்காகவே. கெர் ஒயிட்டின் கணக்கில் சொன்னால் அந்த ஒன்பது பேருக்கு. மற்றவர்களுக்கு மள்ளூர் வழியே பொருந்தும்.

சங்கம் செய்யக்கூடியது

மேலே கூறிய நல்கைகள் சங்கத்தின் பெயரில் நேரே வருவன அல்ல. மருத்துவக் கல்லூரியோ ஆராய்ச்சி நிலையமோ விண்ணப்பிக்க வேண்டும். சங்கம் உடன் நிற்கும் பங்காளியாகலாம். இடம், பதிவேடு, ஆட்களை அழைத்து வரும் பொறுப்பு, பின்பு முடிவை ஊருக்குச் சொல்லும் பொறுப்பு ஆகியவை சங்கத்துடையவை. நிகர இலாபத்திலிருந்து பொது நன்மைக்காக ஒதுக்கும் நிதியில் ஒரு சிறு பகுதியை எடை யந்திரத்துக்கோ கண் சோதனை அட்டைக்கோ செலவிட விரும்பும் நிர்வாகிகள், தங்கள் துணைவிதியை முதலில் படித்து, தேவையாயின் முன் அனுமதி பெறுக. பின்னர் தணிக்கைத் தடை வந்தபின் நம்மை நொந்து பயனில்லை.

ஆராய்ச்சியாளர் ஊருக்கு வரும்போது அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் சில உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறிக் குறிப்புகளின்படி எந்த ஆராய்ச்சிக்கும் அறநெறிக் குழுவின் அனுமதி வேண்டும். பங்கு பெறுவோர்க்கு அவர்கள் அறிந்த மொழியில் விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகிக் கொள்ளலாம். விலகியவர்க்கு வழக்கமான சிகிச்சை மறுக்கப்படலாகாது. சங்கத் தலைவர் கையொப்பமிட்டுவிட்டார் என்பதனால் அங்கத்தினர் அனைவரும் சம்மதித்தவர் ஆகார். கூலிப் பதிவேட்டை அங்கத்தினரைக் கேளாமல் வெளியார் கையில் கொடுப்பதும் தகாது; அதில் ஒருவரின் வறுமையும் நோயும் சேர்ந்தே எழுதப்பட்டிருக்கின்றன. எடுத்த இரத்தத்தின் முடிவு எமக்குச் சொல்லப்படுமா, நோய் கண்டால் சிகிச்சைக்கு யார் பொறுப்பு, இரண்டாண்டு கழித்து என்ன கண்டீர்கள் என்று எங்கள் பேரவையில் வந்து கூறுவீர்களா என்று கேட்பதில் அவமரியாதை ஏதும் இல்லை. நல்ல ஆராய்ச்சியாளர் இக்கேள்விகளை வரவேற்பார். இரத்தம் எடுத்துச் சென்று மறுபடி முகம் காட்டாதவர்களைப் பற்றிய குறை பல ஊர்களில் நம் காதில் விழுந்திருக்கிறது.

கேள்வியை நாமே தயாரித்து வைத்திருப்பது அதனினும் நன்று. வரும் பேரவைக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, தொழிலால் வரும் உபாதை எது, எந்த வயதில் தறியை விடுகிறோம், மருந்து தெளித்த மறுநாள் எத்தனை பேருக்கு மயக்கம் வருகிறது என்று அங்கத்தினர்களைக் கேட்டு எழுதுங்கள். பெண் அங்கத்தினர்களிடம் தனியே கேளுங்கள். நூல் சுற்றுவதும் நாற்று நடுவதும் அவர்கள் என்பதை நினைவில் கொள்க. அவ்வாறு எழுதியதைத் தீர்மானத்துடன் சேர்த்து, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைத் தலைவருக்கும், வட்டார மருத்துவ அலுவலருக்கும் ஒரு கடிதமாக அனுப்பலாம். கடிதத்தில் அங்கத்தினர் தொகை, ஆண் பெண் கணக்கு, வயது வாரி எண்ணிக்கை, குழித்தறி எத்தனை, விசைத்தறி எத்தனை அல்லது பயிர் என்ன, தெளிக்கும் மருந்து என்ன, சங்கக் கட்டடத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் இடம் கொடுக்க முடியும் என்பவற்றைத் தெளிவாகக் குறிப்பிடுக. ஆட்களின் பெயர்களை இப்போது சேர்க்க வேண்டுவதில்லை.